ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ஈயண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். வாழைப்பழம் கொஞ்சம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே பொடி ஈ, அந்தப் பழ ஈக்களை வளர்த்து ஆராயும் கூடம் அது. ஈயண்ணன் அங்கே உதவியாளர். மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பெரிய அண்டாவில் ஈக்களுக்குத் தீனி காய்ச்சுவார். அதைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி ஆறவைப்பார். ஈக்களைப் பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்குத் தட்டி மாற்றி, அதன் வாயில் பஞ்சடைப்பார். அவர் சட்டையில் எப்போதும் புளித்த மாவு வாடை அடிக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு தடவை முகர்ந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

கூடத்தை நடத்திய பேராசிரியைக்கு ஒரே கேள்விதான். ஆண் ஈயின் உடம்பில் விந்தணு முழுசாக உருவாக எந்தெந்த ஜீன்கள் வேண்டும்? ஒரு ஜீனைக் கெடுத்துவிட்டு, அந்த ஆண் ஈயை, இதுவரை ஆணோடு சேராத பெண் ஈக்களுடன் ஒரு குழாயில் விடுவார்கள். சில நாளில் தீனிக்குள் புழு நெளிந்தால், அந்த ஜீன் இல்லாமலும் காரியம் நடக்கும். முட்டைகள் வெள்ளைப் புள்ளிகளாகக் கிடந்து ஒன்றுமே பொரிக்காமல் போனால், கெடுத்த ஜீன் முக்கியமானது. அப்படிச் சேராத பெண் ஈக்களைக் காலையிலும் சாயங்காலமும் பொறுக்கி எடுப்பது ஈயண்ணன் வேலை.

"அண்ணே, இன்னிக்குக் கன்னிங்க எத்தனை தேறிச்சு?" என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

"உங்களுக்குப் பொண்ணு தேடுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்பார் அவர்.

பிள்ளை தராத ஆண் ஈயைத் திறந்து, விந்துப் பையை ஒரு துளி உப்புநீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் அவருக்குப் பேராசிரியை சொல்லிக் கொடுத்திருந்தார். நல்ல ஈயாக இருந்தால் பையைக் கிழித்ததும் விந்தணுக்கள் நூல் நூலாகச் சுருண்டு நெளிந்து வழியும். ஈயின் விந்தணு அதன் உடம்பில் பாதிக்கு மேல் நீளம். முதலில் கட்டாகச் சேர்ந்தே வளரும். கடைசியில் ஒவ்வொன்றாகப் பிரிந்து தனக்கென்று ஓர் உறையைப் போர்த்திக்கொள்ளும். பிரியும் வேலை நடக்காவிட்டால் கட்டு அப்படியே கரைந்து போகும், பை காலியாக இருக்கும். வெளியே பார்த்தால் அந்த ஈக்கு ஒரு குறையும் தெரியாது. பெண்ணைச் சுற்றி வரும், ஒரு சிறகை நீட்டி அதிரவைத்துப் பாடும், கூடும். குழாயில் மட்டும் புழு வராது.

அவருக்குக் கல்யாணம் சற்றுத் தாமதமாகத்தான் நடந்தது. பெண் தையல்காரி. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடியேதான் பாதி நாள் வீட்டுக்கு வருவாள். வீடு மாடியும் கீழுமாக இருந்தது. கீழே ஈயண்ணனின் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். தம்பிக்குப் பிறகு தனக்கென்று பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கல்யாணமே செய்துகொள்ளாமல் நின்றுவிட்டவள். அடுப்படியும் அவள் கையில், வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில். மாடியில் ஒற்றை அறையில் புருஷனும் மனைவியும்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. மனைவி தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஈக்கதை சொல்வார். அவளும் ஊசியில் நூல் கோத்தபடி கேட்பாள்.

"பொடி ஈக்குப் புள்ள பொறக்கலன்னு படிச்சவங்க இத்தனை பேர் உக்காந்து கவலைப்படுறீங்களா? உருப்பட்ட மாதிரிதான்" என்று சிரிப்பாள். ஆனாலும் மாணவர்களின் வெள்ளைக் கோட்டுகளை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். கூடத்தில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர்.

அடுத்த வருஷம் வீட்டில் பேச்சு தொடங்கியது. பக்கத்து வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அக்கா சாப்பாடு போடும்போது தட்டைப் பார்த்துச் சொல்வாள். யாருக்குச் சொல்கிறாள் என்று கேட்க முடியாது. ஒருநாள் தையல்காரியே, "ரெண்டு பேரும் போய் டாக்டரப் பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள்.

"நீ மொதல்ல பாரு. எனக்கு லீவு கிடைக்கல" என்றார் ஈயண்ணன்.

லீவு கிடைக்காமல் இல்லை. ஆனால் குழாயில் புழு வராவிட்டால் முதலில் எதைத் திறந்து பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். அந்த நினைப்பு அவரைக் கரையானாக அரித்தது. பேராசிரியையிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, நகரத்தின் மறுகோடியில், தெரிந்தவர் யாரும் வராத ஒரு பரிசோதனைக் கூடத்துக்குத் தனியாகப் போனார்.

அங்கே இருந்த பரிசோதகர் கலகலப்பான ஆள். ஈயண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அட, நீங்களும் நம்ம ஜாதியா, கண்ணாடிக்குள்ள குனிஞ்சே கழுத்து போன ஜாதி" என்றார். ஈயண்ணனின் விந்து மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்த்தவர் அதற்குமேல் பேசவில்லை. இன்னொரு தகடு போட்டார். அதையும் பார்த்தார்.

"நான் பாக்கலாமா?" என்று கேட்டார் ஈயண்ணன்.

பரிசோதகர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

ஈயண்ணன் குனிந்தார். பழக்கத்தில் வலதுகை தானாகக் குமிழைத் திருகித் தெளிவாக்கியது. வட்டமான வெளிச்சம். அதில் இரண்டொரு தூசு, ஏதோ உதிர்ந்த துணுக்கு. வேறெதுவும் இல்லை. தகட்டை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தித் தேடினார். ஓரம் வரைக்கும் போய்ப் பார்த்தார். எத்தனையோ ஈக்களின் பையைப் பார்த்து "காலி" என்று மாணவர்களிடம் குரல் கொடுத்தவர். அன்றைக்குக் கண்ணை எடுக்காமல் குமிழை இன்னொரு தடவை திருகினார்.

அந்தக் கூடத்து டாக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். "ஜீன்லயே ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப் போயிருக்கலாம். சில பேருக்குப் பொறப்புலயே அப்படித்தான். மத்த எதுலயும் ஒரு குறையும் இருக்காது. உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க. தத்து எடுக்கலாம், வேற வழியும் இருக்கு. சேர்ந்து பேசி முடிவு பண்ணலாம்."

"கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்ப் படுத்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அக்கா தட்டோடு மேலே வந்து, வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த தையல்காரி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவரால் பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மை சொல்லவும் முடியவில்லை. "நானே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவள் முகம் மலர்ந்தது. உடனே அது வாடியதையும் அவர் பார்த்தார். அவருக்கு ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் மிச்சம் இருப்பது அவள்தானே. "அப்ப எனக்குத்தான் ஏதோ" என்று முணுமுணுத்தபடி அவள் கீழே தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு தையல்காரியின் உடம்பு ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்தை ஏற்றிக் கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று படம் பிடித்தார்கள். அன்று வலியில் அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. ஈயண்ணன் வராந்தாவில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவளைத் தாங்கிப் பிடித்து, வெந்நீர்ப் பை வாங்கி, வீட்டில் காலைப் பிடித்துவிட்டார். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் நர்ஸ். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் பெயர் வாங்கினார்.

அவளுடைய டாக்டர் ஒவ்வொரு தடவையும், "உங்ககிட்ட ஒரு குறையும் தெரியலம்மா. அவர் எடுத்த சோதனையோட முடிவக் கொண்டு வாங்க" என்பார். வீட்டில் கேட்டால், "எங்கயோ வெச்சேன், தேடித் தர்றேன்" என்பார் ஈயண்ணன். அவள் டாக்டரை மாற்றினாள். புது டாக்டர் முதலிலிருந்து தொடங்கினார்.

கீழே அக்கா சும்மா இருக்கவில்லை. வந்தவர் போனவர் எல்லோரிடமும், "என் தம்பி தங்கம். அவனுக்கு ஒரு குறையும் இல்ல. வந்தவ வயிறு சரியில்ல, என்ன செய்யறது" என்பாள். மாடிப்படியில் இறங்கி வருகிறவளின் காதில் விழ வேண்டும் என்றே சொல்வாள். தையல்காரி பதில் பேச மாட்டாள். கடைக்குப் போய் மிஷினை மிதித்தால் அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஒரே ஒரு முறை, "ஒரு குழந்தைய எடுத்து வளத்துக்கலாமே" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

"யாரு பெத்ததையோ இந்த வீட்டுக்குள்ள விடுறதா? அவன் தனக்குன்னு ஒண்ணு பெத்துக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றார் அவர். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே வருஷங்கள் போயின. அவள் தலையில் வகிட்டோரம் நரை தெரிந்தது. ஒருநாள் அவளுடைய தகப்பன் வீட்டார் முன்னால் அக்கா சொன்ன ஒரு சொல்லுக்காக அவள் அழுதபோது, "அக்கா குணம் தெரிஞ்சதுதானே, ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடு" என்று சமாதானம் சொன்னவரும் இவர்தான்.

கூடத்தில் ஒருநாள் பொதுமக்களை உள்ளே விட்டு ஆராய்ச்சியை விளக்கினார்கள். அந்த விஷயத்தை ஈயண்ணன் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அதே நாளில் தைத்த கோட்டுகளைக் கொடுக்கத் தையல்காரி அங்கே வந்தாள். ஓர் ஆராய்ச்சி மாணவி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"வாங்கக்கா, அண்ணன் என்ன வேலை பாக்கறாருன்னு நீங்களும் பாக்க வேண்டாமா?"

மேசையில் இரண்டு மைக்ராஸ்கோப் இருந்தன. ஒன்றில் நல்ல ஈயின் பை. தையல்காரி குனிந்து பார்த்து, "நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். இன்னொன்றில் ஜீன் கெட்ட ஈயின் பை. அதையும் பார்த்தாள். "இதுல எதுவும் தெரியலையே."

"எதுவும் இல்லக்கா. அதான் விஷயமே" என்று மாணவி சிரித்தாள்.

"இந்த ஈயப் பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. எல்லா ஈ மாதிரியும்தான் இருக்கும். ஒய் குரோமோசோம்னு ஆணுக்கு ஒண்ணு உண்டு. ஈக்கு அது மொத்தமா இல்லாமப் போனாக்கூட ஆணாத்தான் பொறக்கும், ஆணாத்தான் திரியும். விந்தணு மட்டும் சரியா உருவாகாது."

"பொம்பள ஈ?"

"அது பாவம், முட்டை போட்டுக்கிட்டேதான் இருக்கும். பொரிக்காது."

தையல்காரி இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு, "இப்படி ஆச்சுன்னா யார மொதல்ல சோதிப்பீங்க?" என்று கேட்டாள்.

"இந்த வேலைல ஆணைத்தான். அதுதான் சுலபம், கையோட தெரிஞ்சிடும். நான் புதுசா வந்தப்ப தெரியாமப் பொம்பள ஈயா அறுத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன்தான், 'அத எதுக்கும்மா வதைக்கிற, மொதல்ல ஆம்பளையப் பாரு'ன்னு சொன்னாரு."

அறையின் மறுபக்கத்தில் ஈயண்ணன் குழாய்களுக்குப் பஞ்சடைத்துக்கொண்டிருந்தார். மாணவி சொன்னது அவர் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினார். மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவள் கோட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு டாக்டர்கிட்டப் போனீங்களே, அங்க என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. ஒண்ணும் இல்லைன்னு."

"என்ன ஒண்ணும் இல்ல?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனவர், கழற்றாமல் நின்றார்.

"கோளாறு ஒண்ணும் இல்லையா, இல்ல அந்த ரெண்டாவது கண்ணாடில பாத்தேனே, அந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. தன் கைகளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு உள்ள மருந்து ஏத்தினப்போ வெளியில உக்காந்து இருந்தீங்க. அப்பவும் தெரியும், இல்ல?" என்றாள்.

"பயமா இருந்துச்சு" என்றார் அவர்.

"யார்கிட்ட? என்கிட்டயா?"

அவர் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

விளக்கை அணைத்த பிறகு அவளே பேசினாள். "நான் எங்கயும் போகல. புள்ள இல்லன்னா இல்ல, அதுக்காக யாரும் செத்துட மாட்டாங்க. ஆனா உங்க அக்காகிட்ட நீங்க சொல்லணும். நான் பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

மறுநாள் விடுமுறை. அக்கா முன்னறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் இறங்கி வந்தார்கள். ஈயண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

மாடியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் பாதி வழியில் திசைமாறியது. "டாக்டர் சொன்னாரு. ரெண்டு பேருக்குமே கொஞ்சம் கொஞ்சம் கோளாறு இருக்காம்" என்றார்.

அக்கா கையிலிருந்த துண்டை உதறினாள். "உனக்கென்னடா கொஞ்சம். கொஞ்சமெல்லாம் ஒரு கோளாறா? அவளுக்கு எவ்வளவுன்னு கேளு மொதல்ல."

தையல்காரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தாள். ஈயண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"நேத்து நான் போறேன்னு சொல்லல" என்றாள் அவள். "அந்தப் பொய்யப் பயத்துல சொன்னீங்க, சரி. இன்னிக்கு என்னையும் அதுல பங்குக்குச் சேத்துக்கிட்டீங்களே. நகருங்க."

அவர் நகர்ந்தார்.

கடைக்குப் பின்னால் துணி போட்டு வைக்கும் சின்ன அறை இருந்தது. அதிலேயே தங்கிக்கொண்டாள். ஈயண்ணன் இரண்டு மூன்று முறை போய் வாசலில் நின்றார். அவள் வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே அவரிடமும், "என்ன வேணும்?" என்று கேட்டாள். அவர் திரும்பி நடந்தார்.

மாடியறை வெறிச்சோடிய பிறகுதான் அவருக்குத் துணிச்சல் வந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவிடம் நேராகச் சொன்னார். "அவகிட்ட ஒரு குறையும் இல்லக்கா. எனக்குத்தான். எனக்குப் புள்ள பொறக்காது. ரொம்ப நாளாத் தெரியும்."

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "எனக்கும்தான் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உன்ன வளத்தவடா நான். அன்னிக்குச் சாப்பிடாம சுவரப் பாத்துப் படுத்தியே, அப்பவே தெரியும். பரீட்சைல கோட்டை விட்டாலும் நீ அப்படித்தான் படுப்ப."

"அப்புறம் ஏன்க்கா அவள அப்படிப் பேசினே?"

"வேற யாரப் பேசறது? ஊர் யாராவது ஒருத்தரப் பேசத்தான் செய்யும். உன்னப் பேசினா நீ தாங்குவியா? அவ தாங்கினா." இன்னொரு கரண்டி ஊற்றினாள். "சாப்பிடு. ஆறிடப் போவுது."

தையல்காரி விவாகரத்து கேட்டு மனுப் போட்டாள். ஈயண்ணன் மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் முறை வந்தபோது மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிரிவதற்கு என்ன காரணம் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் பேச எழுவதற்குள் ஈயண்ணனே சொன்னார். "எனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லைங்க. அது தெரிஞ்சும் நான் இவங்ககிட்ட மறைச்சேன். இவங்க மேல பழி விழுந்தப்ப வேடிக்கை பாத்தேன்." அறை முழுக்கக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். தட்டச்சுக்காரர் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வழக்குக்குக் காத்திருந்தவர் கொட்டாவி விட்டார். யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. இதற்கா இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

வெளியே படியில் அவளோடு பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது. "அக்காகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்."

அவள் படியில் அப்படியே நின்றாள். "அப்ப அந்த வீட்டுல தெரியாதவ நான் ஒருத்திதான்" என்றாள். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லி, பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

குழந்தை ஒன்றைத் தத்து எடுக்க அவள் பிறகு முயன்றதாகக் கூடத்து மாணவிதான் சொன்னாள். தனியாக இருக்கிறவர், வயதும் கடந்துவிட்டது, கஷ்டம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவள் இன்னும் இரண்டு மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறாள். கூடத்துக் கோட்டுகளை இப்போது வேறு யாரோ தைக்கிறார்கள்.

சில மாதம் கழித்து ஈயண்ணன் வேலையிலிருந்து வந்தபோது முன்னறையில் ஒரு கல்யாணத் தரகர் உட்கார்ந்திருந்தார். அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, "மொதல்ல வந்தவளுக்குத்தாங்க கோளாறு. என் தம்பி அவ மனசு நோகக்கூடாதுன்னு பொறுத்துப் பொறுத்துப் பாத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈயண்ணன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "கோளாறு எனக்குத்தான். எனக்குப் புள்ள பொறக்காது. எந்தப் பொண்ணு வீட்டுக்கும் போயிடாதீங்க" என்றார்.

தரகர் தேநீரை ஒரு மடக்கு குடித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அதனால என்ன தம்பி. அதையெல்லாம் நாம சொல்லவா போறோம்" என்றார்.

ஈயண்ணன் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தரகர் போனபிறகு அக்கா அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டை மூடி மாடிப்படியில் வைக்கிறாள். அவர் சாப்பிட்டுக் கழுவி அங்கேயே திருப்பி வைக்கிறார்.